உப்பைப் பிடித்துவைக்கும் பால்

பிள்ளையார் பால் குடித்தாரே, அந்த வருஷம் நீ பிறந்தாய், கணேசா. பம்பாய் மும்பை ஆனதும் அதே வருஷம்தான். நீ பிறந்தபோது ஊருக்குப் பழைய பேர், நீ கழுத்து நின்று நிமிர்ந்து பார்த்தபோது புதுப் பேர். எனக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது. எது எப்போது நடந்தது என்பதை, அதன் பக்கத்தில் நடந்த இன்னொன்றோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். இன்றுவரை ஒரு முடிச்சும் அவிழவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன் கல்யாணத்தைப் பற்றி நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டுமானால் அந்த வருஷத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். போனில் அது முடியாது. போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லியே பேச்சை முடித்துவிடுகிறாய். காகிதம் என்றால் கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது யார் என்று கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். அடுத்த வீட்டு மைமூன்தான். நீ உம்மா என்று கூப்பிடுகிறவள். மேலப்பாளையத்தில் எட்டாவது வரை படித்துவிட்டு, காதரைக் கட்டிக்கொண்டு தாராவிக்கு வந்தவள். நம் சந்துப் பிள்ளைகள் தமிழில் பேசுகிறார்கள், ஹிந்தியில் சண்டை போடுகிறார்கள், இங்கிலீஷில் எழுதுகிறார்கள். தமிழில் எழுத ஆள் வேண்டுமென்றால் இவள் வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. நான் பேச்சாகச் சொல்வதை இவள் ஏட்டுத் தமிழாகத் திருத்திக்கொள்கிறாள். இதில் சங்கடம் என்னவென்றால், இந்தக் கடிதமே இவள்மேல் எனக்கு இருக்கும் பொறாமையைப் பற்றியது. ஒளிக்காமல் அதைச் சொல்லித்தான் பேனாவைக் கையில் கொடுத்தேன்.

"முப்பது வருசமா தெரிஞ்ச சங்கதிதான அண்ணாச்சி. சொல்லுங்க, எழுதுதேன்," என்றாள். "ஆனா கொஞ்சம் மெதுவா. உங்க வயித்தெரிச்சல் போற வேகத்துக்கு எம் பேனா ஓடாது."

நீ கேட்டது சின்ன விஷயம்தான். செம்பூர் மண்டபத்தில் தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பாலும் பழமும் கொடுப்பார்களே, அதில் முதல் கரண்டி யாருடையது என்பது. அது பெற்றவளின் கரண்டி. உன் அம்மா இசக்கியம்மாள் இன்று உயிரோடு இல்லை. "அப்பா, உம்மாதான் முதல்ல குடுக்கணும். அப்புறம் வேற யாரு இருக்கா?" என்றாய். நான் "பாப்போம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வேறு யார் இருக்கிறார்கள் என்று நீ கேட்டாய் பார், அதுதான் என்னைத் தைத்தது. நான் இருக்கிறேன். ஆம்பளை முதலில் பால் கொடுக்கிற வழக்கம் நம்மில் இல்லை, தெரியும். ஆனாலும் பெண் நிச்சயமான நாளிலிருந்து அந்தக் கரண்டியை என் கையில் வைத்துத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆண்டாப் ஹில்லில் இருக்கும் உன் அத்தையிடம்கூடக் கேட்டுவிட்டேன். "நீயே குடு, எவன் கேக்கான்," என்று அவளும் சொல்லிவிட்டாள். அப்படி இருக்கும்போதுதான் உன் போன் வந்தது.

அந்தப் பிள்ளையார் வருஷத்துக்கு வருகிறேன். நீ பிறந்து அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. உன் அம்மாவுக்குக் காய்ச்சல் விடவில்லை. மார்பில் பால் இல்லை. பாக்கெட் பாலைக் காய்ச்சி, தண்ணீர் கலந்து, சங்கில் ஊட்டிக்கொண்டிருந்தோம். அன்றைக்குக் காலையில் கடையில் பால் இல்லை. அடுத்த கடையில் இல்லை. பூத்தில் இல்லை. எங்கே போயிற்று என்று கேட்டால், பிள்ளையார் குடிக்கிறார் என்றார்கள். கரண்டியில் பாலை எடுத்துத் தும்பிக்கையில் வைத்தால் உறிஞ்சிக்கொள்கிறாராம். ஊரில் இருந்த பால் எல்லாம் கோயில்களுக்குப் போய்விட்டது. நீ பெரியவனாகி அதற்கு ஏதோ காரணம் சொன்னாய், தண்ணீருக்கு ஒரு தோல் உண்டு, கல்லோடு ஒட்டி வழியும் என்று. இருக்கலாம். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ அழுதுகொண்டிருந்தாய் என்பதுதான்.

தோல் கிடங்கில் வேலையைப் போட்டுவிட்டு நடந்தேன். சயான் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, ரயில் பாதையைத் தாண்டி மாட்டுங்காவுக்குப் போனேன். கோயில் தெருவில் வரிசை முனை திரும்பி நிற்கிறது. ஒவ்வொரு கையிலும் பால், சொம்பில், டம்ளரில், வெள்ளிக் கிண்ணத்தில். நம் ஊர்க்கார ஆபீசர் மாதிரி ஒருவர், நெற்றி நிறைய விபூதி, கையில் இரண்டு பாக்கெட் வைத்திருந்தார். "சாமி, கைப்புள்ளைக்கு ஒரு பாக்கெட் தாங்க," என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. "பின்னாடி வரிசையில நில்லுங்கோ, எல்லாருக்கும் தரிசனம் கிடைக்கும்," என்றார். நான் கேட்டது அவர் காதில் விழுந்ததா என்பதே இன்றுவரை தெரியாது. பழைய பாட்டில் வாங்கி விற்கிற ஒரு கடைக்காரன், மராட்டிக்காரன், தன் டீக்கு வைத்திருந்த பாலில் பாதியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டிக் கொடுத்தான். அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது.

வாசலில் காதர் சந்தைப் பார்த்தபடி, வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார். யாரும் உள்ளே வந்துவிடாமல் காவல். என்னைப் பார்த்து, "சத்தம் போடாம போங்க அண்ணாச்சி, புள்ள தூங்குது," என்றார். என் வீட்டுக்குள் நான் போவதற்கு அவர் வழிவிட்டார். உள்ளே மைமூன் மடியில் ஒரு பக்கம் அவள் மகள் ரஹ்மத், ஒரு பக்கம் நீ. உன் உதட்டோரம் பால் நனைந்திருந்தது. நீ பிறந்ததிலிருந்து அப்படி ஒரு தூக்கம் தூங்கி நான் பார்த்ததில்லை. உன் அம்மா பாயில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். அது சந்தோஷ அழுகை. நான் கையில் பையோடு நின்றேன். எழுப்பிக் கொடுப்போமா என்று கேட்டேன். மூன்று பேரும் ஒன்றாக வேண்டாம் என்றார்கள். அந்தப் பாலில் உன் அம்மா காதருக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

இந்த இடத்தில் மைமூன் பேனாவை நிறுத்திவிட்டு, "அந்த டீ நல்லாவே இல்லன்னு அவுக கடைசிவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாவ," என்கிறாள். அதையும் எழுதச் சொன்னேன்.

அதற்குப் பிறகு உன் அம்மாவுக்கு உடம்பு தேறும்வரை, தேறிய பிறகும்கூட, நீ அங்கேதான் குடித்தாய். ஒருநாள் காதர் பள்ளிவாசலில் கேட்டுக்கொண்டு வந்து சந்து நடுவில் நின்று சொன்னார்: "அஞ்சு தடவ வயிறு நெறைய குடிச்சாலே பால் முறை வந்துரும் அண்ணாச்சி. இது கணக்கே இல்லாம குடிக்கி. இனி இவன் எனக்கும் மவன். ரஹ்மத்துக்கு இவன் தம்பி. ரெண்டுக்கும் கல்யாணம் ஆகாது, கேட்டுக்கிடும்." நான், "உம்ம மவளை இப்ப யாருவே கேட்டா," என்றேன். சந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவர் ஒரு வாய்ச்சொல்லில் உனக்கு அப்பா ஆகிவிட்டது எனக்குச் செரிக்கவில்லை. நான் உன் அம்மாவை ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி அப்பா ஆனேன். அவர் வாசலில் முதுகைக் காட்டி நின்றே ஆகிவிட்டார்.

பிறகு நீ வளர வளர நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாக்கடைப் பலகை உடைந்து நீ உள்ளே விழுந்தபோது நான்தான் குதித்துத் தூக்கினேன்; என் தோளில் கிடந்துகொண்டு "உம்மா" என்று அழுதாய். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பென்சில் பெட்டியை முதலில் காட்டியது அந்த வீட்டில். டாக்டர் பட்டம் கிடைத்ததும் முதல் போன் அந்த வீட்டுக்கு. இதைச் சொன்னதும், "உங்க போன் சுவிட்ச் ஆஃப்ல இருந்துச்சு அண்ணாச்சி," என்கிறாள். சார்ஜில் போட்டிருந்தேன். அணைத்துவைத்துத்தான் சார்ஜ் போட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். உன் அம்மாவுக்கு இந்த எரிச்சல் ஒரு நாளும் வந்ததில்லை. "ரெண்டு வீட்டுச் சோறு திங்குதான், நல்லா இருக்கட்டுமே," என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள். அவளுக்கு வராதது எனக்கு வந்தது என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் எரிச்சல்.

நீ தெற்கே கடற்கரையில் மீன் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தபோது, என்ன மீன் என்று கேட்டேன். பால் கெண்டை என்றாய். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீக்கடையில் போய் என் மகன் பால் கொடுக்கிற மீனை வளர்க்கிறான் என்று சொல்லிவிட்டேன். கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டு, "அண்ணாச்சி, நாளையிலருந்து எனக்கு டெய்லி ரெண்டு லிட்டர் சொல்லிருங்க. எருமைப்பால் ஊத்துற தபேலாக்காரன் ரேட்டை ஏத்திட்டான்," என்றார். பக்கத்தில் இருந்தவன், "க்யா பாத் ஹை, மீனை எங்கன புடிச்சுக் கறக்கணும்னு பையன்ட்ட கேளுங்க," என்றான். அந்த மீன் வெள்ளையாக இருப்பதால்தான் அந்தப் பேர் என்று நீ பிறகு சொன்னாய். அதற்குள் சந்து முழுக்க எனக்குப் பால்பண்ணைக்காரர் என்று பேர் வந்துவிட்டது. இதையும் மைமூன்தான் எல்லாரிடமும் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். இப்போது எழுதும்போதும் சிரிக்கிறாள்.

உன் அம்மா போனபிறகு என்னை உன் ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாயே, அதைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அங்கே மைமூன் இல்லை. நீயும் நானும் மட்டும். ஒரு பெரிய தொட்டியில் கடல் தண்ணீர், பக்கத்துத் தொட்டியில் நல்ல தண்ணீர், இரண்டிலும் அதே மீன். நான் ஆயுசுக்கும் பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டவன். உப்பைத் தூவி அடுக்கினால் தோலிலிருந்து தண்ணீர் தானாக வடிந்து தரையில் ஓடும். மறுநாள் தோல் விறைத்துக் கிடக்கும். அந்த நினைப்பில்தான் கேட்டேன்: "கணேசா, இது பொறந்ததுலருந்து உப்புக்குள்ளேயே கெடக்கு. இது ஏன் கருவாடாகல?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "அதாம்ப்பா எங்க வேலையே. கருவாடாகாம இருக்கத்தான் அது பாடுபடுது," என்றாய். அதன் ரத்தத்தில் இருக்கிற உப்பு கடலில் இருப்பதைவிட ரொம்பக் குறைவு, அதனால் கடல் அதன் உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும் என்றாய். அதற்கு ஈடாக மீன் கடலையே குடிக்கும். குடித்த உப்பைச் செவுள் வழியாகத் தள்ளும். மூத்திரத்தைச் சிக்கனமாகப் பெய்யும். நல்ல தண்ணீருக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். அங்கே தண்ணீர் உடம்புக்குள் நுழைந்துகொண்டே இருக்கும், உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அங்கே மீன் அநேகமாகக் குடிப்பதே இல்லை. உள்ளே வந்ததை மூத்திரமாக விட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீரில் இருக்கிற கொஞ்ச உப்பையும் அதே செவுளால் பிடித்து உள்ளே இழுக்கும். இந்தப் பால் கெண்டை கடலில் பொரிந்து, குஞ்சிலேயே கழிமுகத்துக்கு ஏறி வருகிற சாதி, அதனால் இரண்டு வித்தையும் அதற்குத் தெரியும் என்றாய். நீ இவ்வளவு நேரம் என்னிடம் பேசியது என் நினைவில் அதுதான் முதல் தடவை.

"இப்ப உப்புத் தண்ணி, இப்ப நல்ல தண்ணின்னு அதுக்கு யாரு போய்ச் சொல்லுவா?" என்று கேட்டேன். ஹார்மோன் என்றாய். மூளைக்கு அடியில் மிளகைவிடச் சின்னதாக ஒரு சுரப்பி. மீன் நல்ல தண்ணீருக்கு வந்ததும் அதிலிருந்து ஒன்று ரத்தத்தில் இறங்கி, செவுளிடம் போய், கதவைச் சாத்து, உப்பை விட்டுவிடாதே என்று சொல்கிறது. சில வகை மீனுக்கு அந்தச் சுரப்பியை எடுத்துவிட்டால் கடலில் பிழைத்துக் கிடக்கும், நல்ல தண்ணீரில் விட்டால் உப்பு வடிந்தே செத்துப்போகும். அந்த ஹார்மோனை ஊசியில் ஏற்றினால் அங்கேயும் பிழைத்துக்கொள்ளும். பேர் கேட்டேன். புரோலாக்டின் என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பொம்பளைங்களுக்குப் பால் ஊற வைக்கிறதும் இதேதாம்ப்பா. மீன்கிட்ட இருந்தப்ப உப்பைப் புடிச்சு வைக்கிற வேலை, நம்மகிட்ட வந்ததும் பால் வேலை," என்றாய்.

ஆயிரம் மைல் தள்ளி வந்து, மீன் தொட்டி ஓரத்தில் நிற்கிறேன். அங்கேயும் இவள்தானா என்று இருந்தது எனக்கு.

நான் விடவில்லை. "அப்ப கடலுக்கு எது?" என்றேன். அதற்கு வேறொன்று, கார்டிசால் என்றாய். உப்பைத் தள்ளுகிற வேலைக்குச் செவுளைத் தயார் செய்வது அது. மனுஷனுக்கும் உண்டாம்; பயந்தால், பதறினால் கூடுமாம். எனக்கு உயிர் வந்தது. மாட்டுங்கா தெருவில் பாலுக்கு அலைந்தேனே, அன்று என் உடம்பு முழுக்க ஊறியது அதுவாகத்தானே இருக்கும். இவளுக்குப் பால் சுரப்பு ஊறியது என்றால் எனக்குக் கடல் சுரப்பு ஊறியது. மீனுக்கு இரண்டும் வேண்டும் என்று என் மகனே சொல்கிறான். உன்னிடம் அப்படியே சொன்னேன். "அது ஒம் உம்மா பங்கு, இது எம் பங்கு," என்றேன். நீ தொட்டியிலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "அப்படி ரெண்டா பிரிச்சிர முடியாதுப்பா. நல்ல தண்ணியிலயும் கார்டிசால் வேணும். ரெண்டும் சேர்ந்துதான் வேலை பாக்கும்," என்றாய். ரயிலில் திரும்பி வரும்போது முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். உனக்கு அது மீனின் சங்கதி. எனக்கு என் கேஸ் பாதி ஜெயித்து, பாதி தோற்ற மாதிரி இருந்தது.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பா நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீ கட்டப்போகிற பெண் டோம்பிவிலியில் பிறந்து வளர்ந்தவள். கூட்டத்தில் தொங்கிக்கொண்டு லோக்கல் ரயிலில் போய் வந்து பழகியவள். அவளைச் சத்தமே இல்லாத கடற்கரைக்குக் கூட்டிப் போகிறாய். மீனை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற நீ எவ்வளவு பொறுமையாகத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கிறாய் என்று பார்த்தேன். அதில் பாதிப் பொறுமையாவது அவளிடம் காட்டு. இன்னொன்று. நாளைக்கு உன் பிள்ளை உன்னைவிட்டு வேறு யார் மடிக்காவது தாவும். உன் பெண்டாட்டியின் அம்மா, அவள் தங்கை, யாராவது ஒருவர். உனக்கு எரியும். எரியாது என்று நினைக்காதே, நீ என் மகன். எரியும்போது சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்காதே. யார்மேல் எரிகிறதோ அவர்களிடமே போய்ச் சொல்லிவிடு. இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறபோது எரிச்சல் குறைவதில்லை, ஆனால் சாப்பாடு இறங்குகிறது.

இப்போது கரண்டி விஷயம். நீ சொன்னதை மைமூனிடம் சொன்னேன். நான் எதிர்பார்க்கவில்லை, இவள் தலையை ஆட்டிவிட்டாள். "எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. புருசன் இல்லாதவ. நெத்தியில பொட்டு வைக்காதவ. பொண்ணு வீட்டு ஆளுக ஒரு மாதிரி நெனைப்பாவ. நீங்களே குடுங்க. இல்லன்னா உங்க தங்கச்சி குடுக்கட்டும். நான் கீழ உக்காந்து பாத்துக்கிடுதேன், எம் புள்ளைய."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும்தானே. வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். பாதி ராத்திரியில் எழுந்து உட்கார்ந்தேன். முப்பது வருஷமாக இவளிடமிருந்து பிடுங்கப் பார்த்ததை இவளே எடுத்து நீட்டினால் அது எனக்கு எதற்கு? இவள் விட்டுக்கொடுத்து நான் கொடுத்தால், அந்தக் கரண்டியிலும் இருப்பது இவள் பாலாகத்தானே ஆகும். "எம் புள்ளைய" என்று போகிற போக்கில் சொன்னாள் பார், அதற்கும் எரிந்தது. எரிந்தாலும், பொட்டு வைக்காதவள், புருஷன் இல்லாதவள் என்று எவனாவது மண்டபத்தில் வாயைத் திறந்தால் அவன் பல் இருக்காது என்றும் அதே நேரத்தில் தோன்றியது. இரண்டும் எப்படி ஒரே உடம்பில் ஊறுகிறது என்று நீதான் ஆராய்ந்து சொல்ல வேண்டும்.

அதனால் தானமாகவும் வேண்டாம், சண்டையாகவும் வேண்டாம், நியாயமாகப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். நீ இந்த உலகத்தில் முதன்முதலாக வயிறு நிறையக் குடித்தபோது யார் உன் பக்கத்தில் இருந்தார்களோ, அவர்களுக்கு உரியது முதல் கரண்டி. எனக்கு உரியதில்லை. பாலுக்காகத்தான் போனேன் என்றாலும், நான் அப்போது அங்கே இல்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தேன். எனக்கு இரண்டாவது கரண்டி போதும். ஆனால் அதில் இன்னொருத்தர் குறுக்கே வரக்கூடாது, உன் அத்தையிடமும் சொல்லிவிடு. மேடையில் இவள் பக்கத்திலேயே நிற்பேன், பாலைக் குடித்துவிட்டு நீ யார் முகத்தைப் பார்க்கிறாய் என்று பார்ப்பதற்காக.

அன்று அந்த இடத்தில் பெரியவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். பாயில் படுத்திருந்த உன் அம்மா இசக்கியம்மாள். அவளை நீயும் நானும் சேர்ந்துதான் சயானில் எரித்துவிட்டு வந்தோம். வாசலில் முதுகைக் காட்டி நின்ற காதர். போன நோன்புக்கு முந்தி அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது நானும் தோள் கொடுத்தேன். மூன்றாவது ஆள் இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டு, இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுதித்தான் ஆகவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அந்த மூவரில் இன்றைக்கு உயிரோடு இருப்பவள் மைமூன்.